விண்டோஸ் 11-க்கு மாறிய பின் வரும் தொல்லைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. அதையொட்டி நிறைய பேர் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். மாறிய கையோடு, "அண்ணே, வைஃபை போச்சு", "தமிழ் வரல", "பிரிண்டர் அசையல" என்று கடைக்கு வர ஆரம்பித்தார்கள். இவர்களில் பலர் பையைத் திறக்கும்போதே, "ஃபார்மட் போட்டுக் கொடுத்திடுங்க" என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பதறும். கீழே இருக்கும் தொல்லைகளில் அநேகமாக எல்லாமே ஃபார்மட் போடாமல் தீரக்கூடியவை. பிள்ளைகளின் படம் ஃபார்மட்டில் அழிந்துபோனால் திரும்புவது கடினம். கடையில் தினமும் சொல்கிற பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

மாற்றி மூன்று நாள்தான் ஆகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. பழைய விண்டோஸ் 10-க்கே போக முடியுமா?

முடியும், ஆனால் 10 நாளுக்குள். செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதில் 'ரெக்கவரி' என்று போனால் 'கோ பேக்' என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பழைய விண்டோஸ் திரும்பிவிடும். உங்கள் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். மாறிய பிறகு புதிதாகப் போட்ட மென்பொருள்கள் மட்டும் போய்விடும். இருந்தாலும் முக்கியமானவற்றை ஒரு தம்ப் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு அழுத்துங்கள்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. மாறும்போது உங்கள் பழைய விண்டோஸ் முழுவதும் சி டிரைவில் 'விண்டோஸ் ஓல்ட்' என்ற கோப்புறைக்குள் கட்டி வைக்கப்படுகிறது. பத்து நாள் கழித்து விண்டோஸே அதை அழித்துவிடும். இடம் அடைக்கிறதே என்று அதை நீங்களே அழித்தாலும் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. மாறிய முதல் வாரத்தில் 'கிளீனர்' வகை மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான்.

கெடு முடிந்துவிட்டால், புதிதாக நிறுவுவதைத் தவிர வேறு வழி இல்லை.

கணினியைத் திறந்தால் நீலத் திரை வருகிறது. 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. அது பிட்லாக்கர். உங்கள் வன்வட்டு முழுவதும் பூட்டப்பட்டிருக்கிறது, அதன் சாவியைக் கேட்கிறது. "நான் பூட்டவே இல்லையே" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். புது மடிக்கணினியை மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து தொடங்கினால், பல மாடல்களில் பூட்டு தானாகவே போட்டுக்கொள்ளும். மதர்போர்டில் உள்ள டிபிஎம் சில்லு தினமும் சாவியைக் கொடுத்துக் கதவைத் திறந்துவிடுவதால் பூட்டு இருப்பதே தெரியாது. பயோஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஓர் அமைப்பை மாற்றினாலோ, பயோஸே புதுப்பிக்கப்பட்டாலோ அந்தச் சில்லுக்குச் சந்தேகம் வந்து சாவியைத் தர மறுக்கும். அப்போதுதான் இந்தத் திரை.

டியூஷன் சொல்லிக்கொடுக்கும் ஓர் அக்கா ஒரு நாள் மாலை இந்தத் திரையோடு வந்தார். மறுநாள் காலையில் மாணவர்களுக்குப் பயிற்சித் தாள் கொடுக்க வேண்டும், எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் கைபேசி வழியாக நுழைந்து பார்த்தோம், சாவி இல்லை. "இந்த மெஷினை முதலில் திறந்தது யார்க்கா?" என்று கேட்டேன். பினாங்கில் படிக்கிற மகன். அவனுக்கு அழைத்தார். அவன் கணக்கில் இரண்டு சாவிகள் இருந்தன. நீலத் திரையில் தெரிந்த சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்தோடு ஒத்துப்பார்த்து, சரியானதை அவன் ஆறாறு இலக்கமாகப் படிக்க, அக்கா ஒவ்வொன்றாகத் தட்டினார். எட்டாவது தொகுதி முடிந்து என்டரை அழுத்தியதும் அவர் மகளின் படம் திரையில் வந்தது.

ஆகவே முதலில் உங்கள் கணக்கில் தேடுங்கள், அப்புறம் அந்தக் கணினியில் எப்போதாவது நுழைந்த பிள்ளைகள், அலுவலகம், பள்ளி என்று எல்லாக் கணக்கிலும் தேடுங்கள். வாங்கும்போது யாராவது தாளில் அச்சடித்து வைத்தார்களா என்றும் பாருங்கள். சாவி எங்குமே இல்லை என்றால் அந்தக் கோப்புகளை நானும் திறக்க முடியாது, மைக்ரோசாஃப்டும் திறக்க முடியாது. "நான் திறந்து தருகிறேன்" என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றே அந்த 48 இலக்கத்தை எழுதி, வீட்டுக் கிரயப் பத்திரம் இருக்கும் கோப்பில் வைத்துவிடுங்கள்.

விண்டோஸ் 11 போடுவதற்காக பயோஸில் ஏதோ மாற்றினேன். இப்போது 'பூட் டிவைஸ் இல்லை' என்கிறது.

கணினி எழும் முறையை, பழைய 'லெகசி' என்று இருந்ததைப் புதிய 'யூஇஎஃப்ஐ' என்று மாற்றியிருப்பீர்கள். உங்கள் வன்வட்டு பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டது. புது முறையில் அதைத் தேடினால் கணினிக்குக் கிடைக்காது. பதற வேண்டாம், கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பயோஸுக்குப் போய் மாற்றியதைப் பழையபடி வையுங்கள், எழுந்துகொள்ளும். முதலில் கோப்புகளைக் காப்பாற்றி, வன்வட்டை ஜிபிடி என்ற புதுப் பிரிப்பு முறைக்கு மாற்றி, அதற்குப் பிறகுதான் யூஇஎஃப்ஐ. பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையைத் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

வைஃபை அடையாளமே காணோம். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். என்ன செய்வது?

டிரைவர் என்பது கணினியின் ஓர் உறுப்பை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள். கைபேசியை யுஎஸ்பி கம்பியில் கணினியோடு இணையுங்கள். கைபேசி செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கும் இடத்தில் 'யுஎஸ்பி டெதரிங்' என்று ஒன்று இருக்கும், அதை ஓட விடுங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியாக இருந்தால் பெரும்பாலும் அரை நிமிடத்தில் கணினிக்கு இணையம் வந்துவிடும். பிறகு விண்டோஸ் அப்டேட்டில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதனுள் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பாருங்கள். வைஃபை டிரைவர் அங்கே காத்திருக்கும். இல்லையென்றால் மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

டிரைவர் இல்லாத உறுப்புகளை 'டிவைஸ் மேனேஜர்' மஞ்சள் முக்கோணம் போட்டுக் காட்டும். 'எல்லா டிரைவரையும் தானாகப் போடும்' என்று விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். ஒரு டிரைவர் தேடிப் போய் ஐந்து விளம்பர மென்பொருளோடு திரும்பி வந்த கணினிகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

விசிறி சத்தம் கேட்கிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது.

முதலில் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். இது திரைக்கான டிரைவரை மட்டும் மறுபடி எழுப்பும். 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்டு, திரை வந்தாலும் வரலாம்.

வராவிட்டால் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி போட்டு, லோகோ வந்ததும் அதேபோல் அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' என்று போய், மறுதொடக்கம் ஆனதும் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. அங்கே திரை வந்துவிட்டால் குற்றவாளி டிஸ்பிளே டிரைவர்தான். டிவைஸ் மேனேஜரில் அதைப் பழைய பதிப்புக்கு மாற்றுங்கள், அல்லது நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள். வழியில் அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்டாலும் கேட்கும்.

டெஸ்க்டாப்பில் இருந்த கோப்புகள் எல்லாம் மாயமாகிவிட்டன!

இப்போதைக்கு எதையும் புதிதாகச் சேமிக்காதீர்கள், எதையும் நிறுவாதீர்கள். பெரும்பாலும் கோப்பு அழிந்திருக்காது, இடம் மாறியிருக்கும்.

ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) கோப்புறைக்குள் 'டெஸ்க்டாப்' என்று இன்னொன்று இருக்கிறதா பாருங்கள். மாறும்போது காப்புப் பிரதி எடுக்கச் சம்மதித்திருந்தால் எல்லாம் அங்கே போயிருக்கும். அடுத்து, 'தற்காலிகக் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள்' என்று மூலையில் அறிவிப்பு வந்ததா? அப்படியானால் இரண்டு மூன்று முறை மறுதொடக்கம் செய்தாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது. அந்தத் தற்காலிகக் கணக்கில் சேமிப்பது வெளியேறியதும் போய்விடும், கவனம். அதிலும் இல்லையென்றால் சி டிரைவில் 'யூசர்ஸ்', பிறகு 'விண்டோஸ் ஓல்ட்' உள்ளே இருக்கும் 'யூசர்ஸ்' இரண்டிலும் உங்கள் பெயரைத் திறந்து பாருங்கள்.

தமிழில் தட்டினால் வேறு எழுத்து வருகிறது. விசைப்பலகை கெட்டுவிட்டதா?

கெடவில்லை, தளவமைப்பு மாறியிருக்கிறது. தமிழ் மொழியைச் சேர்க்கும்போது உங்களுக்குப் பழக்கமில்லாத விசைப்பலகை ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். சோதிக்க எளிய வழி: நடு வரிசையில் எச் விசையைத் தட்டுங்கள். 'க' வந்தால் அது தமிழ் 99. 'ப' வந்தால் இன்ஸ்கிரிப்ட். இரண்டும் இல்லாமல், ஆங்கில ஒலிப்படி தட்டினால் தமிழ் வருகிறதென்றால் அஞ்சல் அல்லது ஃபொனெட்டிக்.

சரி செய்ய, செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' போய், தமிழுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' திறந்து, உங்கள் விசைப்பலகையைச் சேருங்கள். சேர்த்த பிறகு, வேண்டாததை அங்கேயே நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் தட்டி மாற்றும்போதெல்லாம் அது நடுவில் வந்து நிற்கும்.

தமிழ் 99, 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி வந்த அமைப்பு. 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து விண்டோஸிலேயே இருக்கிறது. அஞ்சல் முறை நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலிலிருந்து வந்தது, அதுவும் இப்போது விண்டோஸ் பட்டியலில் உண்டு. இரண்டையும் தனியாகப் பணம் கொடுத்து நிறுவத் தேவையில்லை. தனி மென்பொருள்தான் பழக்கம் என்றால் அதன் புதிய பதிப்பைப் போடுங்கள். அந்த மென்பொருளும் விண்டோஸின் தமிழும் ஒரே நேரத்தில் ஓடினால் எழுத்துகள் குழம்பும். ஏதாவது ஒன்றை அணைத்து வையுங்கள்.

கோயில் ஆவணங்களைத் திறந்தால் பவுண்டுக் குறியும், தலையில் புள்ளி வைத்த ஆங்கில எழுத்துமாக இருக்கிறது. இருபது வருடக் கணக்கு ஐயா!

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் பதில் சொல்வேன், ஏனென்றால் நம் ஊர்த் தமிழ் ஆவணங்கள் அதிகம் தொலைவது இங்கேதான்.

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டை வைத்திருந்தது. கோப்புக்குள் இருப்பது ஆங்கிலக் குறிகளுக்கான எண்கள்தான். அந்த எழுத்துரு இருக்கும்வரை அது தமிழாகத் தெரியும். எழுத்துரு போய்விட்டால் உள்ளே உள்ள குறி வெளியே தெரியும். அதனால் நீங்கள் பார்ப்பது கெட்டுப்போன கோப்பு கிடையாது. உங்கள் கணக்கு முழுவதும் அதற்குள் பத்திரமாக இருக்கிறது, எழுத்துருதான் இல்லை.

வேர்டில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, மேலே எழுத்துருப் பெயர் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'விண்டோஸ் ஓல்ட்' இன்னும் இருந்தால் அதற்குள் 'விண்டோஸ்', அதற்குள் 'ஃபான்ட்ஸ்' என்று போய்த் தேடுங்கள். கிடைத்தால் வலது சொடுக்கி 'இன்ஸ்டால்' கொடுங்கள், ஆவணம் அடுத்த நொடி தமிழாகும். ஃபார்மட் போட்டிருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். பழைய கணினி வேறு எதிலாவது, கோயில் அழைப்பிதழ் அடித்த அச்சகத்திலாவது அந்த எழுத்துரு இருக்கிறதா என்று கேட்க வேண்டியதுதான்.

கிடைத்தவுடன் நின்றுவிடாதீர்கள். என்எச்எம் கன்வர்டர் போன்ற இலவச மாற்றி ஒன்றைக் கொண்டு எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இடையிடையே வரும் ஆங்கில வரிகள் மாற்றத்தில் சிதைந்துவிடும் என்பதால் மூலக்கோப்பை அழிக்காமல், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நன்கொடையாளர் பெயர்ப் பட்டியலாக இருந்தால் ஒவ்வொரு பெயரையும் பார்ப்பது நல்லது.

தமிழ் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் நான்கு பக்கத் தேர்வுத்தாள் ஐந்து பக்கமாகிவிட்டது.

தாள் 'லதா' எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் 10 காலத்திலிருந்தே அது தானாக வருவதில்லை. அதற்குப் பதில் 'நிர்மலா' வந்து உட்காரும்போது அகலம் மாறி வரிகள் தள்ளிப்போகும். செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' போய் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்பதைச் சேர்த்தால் லதா வந்துவிடும். ஆசிரியர்களே, அச்சகத்துக்குப் போகும் தாளைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

பிரிண்டர் வேலை செய்யவில்லை.

பிரிண்டரை செட்டிங்ஸிலிருந்து நீக்கிவிட்டு, கம்பியைக் கழற்றி, கணினியை மறுதொடக்கம் செய்து, பிறகு சேருங்கள். இது போதாதென்றால் நிறுவனத் தளத்தில் விண்டோஸ் 11 டிரைவர் தேடுங்கள். அது இல்லாவிட்டால் விண்டோஸ் 10-இன் 64 பிட் டிரைவரைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட் என்பதால் 32 பிட் டிரைவர் மட்டும் உள்ள மிகப் பழைய பிரிண்டருக்கு வழி இல்லை.

அலுவலகத்தில் இன்னொரு கணினியில் பகிர்ந்து வைத்திருக்கும் கோப்புறை திறக்க மாட்டேன் என்கிறது.

கடவுச்சொல் இல்லாமல் 'கெஸ்ட்' ஆகத் திறந்துகொண்டிருந்தீர்களா? விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, குறிப்பாக ப்ரோவில், அதை இயல்பாகவே தடுக்கிறது. வலையமைப்பில் மாட்டிய பழைய சேமிப்புப் பெட்டி பயன்படுத்தும் எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையும் புது விண்டோஸில் இருக்காது. பகிரும் கணினியில் ஒரு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கி, அதைக் கொண்டு நுழையுங்கள். பாதுகாப்பை அணைக்கும் குறுக்குவழிகள் பல இடங்களில் சொல்லப்படுகின்றன. கணக்குப் புத்தகம் இருக்கும் கணினியில் அவை வேண்டாம்.

மாறியதிலிருந்து ஆமை வேகம்.

ஒரு நாள் பொறுங்கள். புதிதாக மாறிய விண்டோஸ் பின்னணியில் கோப்புகளை அட்டவணைப்படுத்தும், புதுப்பிப்புகளை இறக்கும். சார்ஜரில் போட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். அப்புறமும் மெதுவென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'ஸ்டார்ட்அப்' பகுதியில் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள். 'டிஸ்க்' எப்போதும் 100 விழுக்காடு காட்டினால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். அதற்குப் பதில் சுழலும் பாகம் இல்லாத, வேகமான எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் என்று சொல்லியிருந்தாலும் 8 இல்லாமல் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

வங்கித் தளம் 'பாதுகாப்பற்றது' என்று பயமுறுத்துகிறது.

கடிகாரத்தைப் பாருங்கள். தேதியோ நேரமோ தவறினால் தளத்தின் சான்றிதழ் காலாவதி ஆனதுபோலத் தெரியும். நேர மண்டலத்தில் 'கோலாலம்பூர், சிங்கப்பூர்' என்று எட்டு மணி நேரம் கூட்டியதைத் தேர்ந்தெடுத்து 'சிங்க்' கொடுங்கள். ஒவ்வொரு முறை அணைத்துப் போட்டதும் பழைய தேதிக்கே போகிறதென்றால் மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் சிஆர் 2032, மளிகைக்கடையிலும் கிடைக்கும்.

புதுப்பிக்கும்போது நடுவில் மின்சாரம் போய்விட்டது.

மாலையானால் இடியும் மழையுமாக இருக்கும் நம் ஊரில் இது சகஜம். மின்சாரம் வந்ததும் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் பெரும்பாலும் தானே பழைய நிலைக்குத் திரும்பும். 'மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்' என்ற வரி எவ்வளவு நேரம் நின்றாலும், வன்வட்டு விளக்கு மினுங்கும்வரை கைவைக்காதீர்கள். அடுத்த முறை மடிக்கணினியில் சார்ஜ் முழுதாக இருக்கும்போது, காலை வேளையில் தொடங்குங்கள். வருமான வரி தாக்கல் செய்யும் ஏப்ரல் கடைசியில் தொடங்கவே வேண்டாம்.

என் கணினிக்குத் தகுதி இல்லை என்கிறது. 'எப்படியாவது' போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர். போடலாமா?

இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், டிபிஎம் 2.0-உம் வேண்டும். சோதனையைத் தாண்டிப் போட முடியும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் விண்டோஸ் 10-க்கே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும். இணையம் பார்க்க, கடிதம் அடிக்க மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுப் பழகலாம், அதிலும் தமிழ் 99 உண்டு.

'மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் அப்டேட்டில் பிழை' என்று அழைப்பு வந்தது.

வையுங்கள் போனை. மைக்ரோசாஃப்ட் தானாக உங்களை அழைக்காது. ஏற்கெனவே அவர் சொன்ன மென்பொருளைப் போட்டு உள்ளே விட்டுவிட்டீர்கள் என்றால் இணையத்தைத் துண்டியுங்கள். வங்கி விவரம் கொடுத்திருந்தால் தாமதிக்காமல் உங்கள் வங்கியையும் 997 என்ற மோசடிப் புகார் எண்ணையும் அழையுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், படித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள்.

கடைக்குக் கொண்டுவந்தால் என்னென்ன கொண்டுவர வேண்டும்?

சார்ஜர், மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சல் முகவரி, அந்தக் கணக்கு சரிபார்ப்பு எண் அனுப்பும் கைபேசி. கடைசி நல்ல நாளில் என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் இரண்டு வரி. எந்தக் கடைக்குப் போனாலும் கணினியைக் கொடுக்கும்போது, "என்னைக் கேட்காமல் ஃபார்மட் போடக்கூடாது" என்று சொல்லி, அதை ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.